வண்டவாளம் தண்டவாளத்தில்: சிறுரயில் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: எஞ்சின் பெரிது, வீடு சிறிது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, வீட்டுக்காரியின் சம்மதமும் வாங்கி, ஆசைப்பட்ட எஞ்சினை வளைவில் விட்டால் அது படுத்துவிடுகிறது. எனவே இந்த முறை வளைவைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்.ஈ.டி. விளக்கு கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள்க.

ஐயா, 1:87 அளவில் ‘பிக் பாய்’ நீராவி எஞ்சின் வாங்கினேன். 46 செ.மீ. ஆரமுள்ள வளைவில் ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். எஞ்சின் தனியாக நன்றாகவே ஓடுகிறது. நீளமான பயணிகள் பெட்டிகளை மாட்டினால் தடம் புரள்கிறது. பின்னோக்கித் தள்ளினாலோ கேட்கவே வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

அவசரப்படாதீர்கள். பெட்டியில் இருக்கும் எண்ணை நீங்கள் வாக்குறுதியாகப் படித்துவிட்டீர்கள். அது சொல்வது இவ்வளவுதான்: இந்த எஞ்சின், தனியாக, முன்னோக்கி, சமதளத்தில், ஒழுங்காகப் போட்ட தண்டவாளத்தில், இந்த ஆரத்தில் தடம் புரளாது. பின்னால் நீங்கள் எதை மாட்டப்போகிறீர்கள் என்பது அச்சடித்தவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் எஞ்சினின் உடம்பைப் பாருங்கள். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் நிறுவனத்துக்காக 1941 முதல் 1944 வரை கட்டப்பட்ட 25 எஞ்சின்கள் அவை. சக்கர அமைப்பு 4-8-8-4, அதாவது முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள சக்கரங்களின் எண்ணிக்கை. அவற்றில் 4014 என்ற எண்ணுள்ளதைப் பழுதுபார்த்து 2019இல் மீண்டும் ஓடவிட்டார்கள். டெண்டரோடு (எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) சேர்த்து நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். 87ஆல் வகுத்தால் 46 செ.மீ. வருகிறது. அதாவது உங்கள் எஞ்சினின் நீளமும் வளைவின் ஆரமும் ஒன்றே. உண்மையான எஞ்சினை வடிவமைத்தவர்கள் சுமார் 88 மீட்டர் ஆரம் வரைதான் அதை வளைய விட்டார்கள். நம் அளவில் அது ஒரு மீட்டர். நீங்கள் அதில் பாதிகூட இல்லாத இடத்தில் வளையச் சொல்கிறீர்கள். அதுவும் தனியாக வளைந்து காட்டுகிறது! இதற்கே பாராட்ட வேண்டும்.

எப்படி வளைகிறது? உண்மையான எஞ்சினில் பின்பக்க எட்டுச் சக்கரங்கள் கொதிகலனோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்க எட்டு மட்டுமே பக்கவாட்டில் திரும்பும். பொம்மை செய்பவர்கள் பல மாடல்களில் இரண்டு தொகுதிகளையுமே திரும்ப விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு இறுக்கமாக வளைய முடிகிறது; அப்போது கொதிகலனின் மூக்கு வெளிப்பக்கம் அந்தரத்தில் தொங்குகிறது.

இப்போது சோதனை. பெட்டிகளை எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரே அச்சில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் பாயிண்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) ஏறி உட்காரும். பிறகு கன்ட்ரோலரை எஞ்சின் ஊர்ந்து போகும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். அறை விளக்கை அணையுங்கள். வளைவுக்கு அப்பால் ஒரு டார்ச்சை வைத்து, உங்கள் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்குங்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்தச் சக்கரம் தூக்குகிறது என்று பொருள். பெரும்பாலும் முன்னால் இருக்கும் சிறிய சக்கரங்களே மாட்டும்: விளிம்பு (சக்கரத்தின் உள்ஓரத்தில் துருத்தும் வளையம்) வெளித்தண்டவாளத்தின் உள்முகத்தில் உரசி, மெல்ல மேலேறி, அதன் உச்சியில் ஒரு கணம் நின்று, அப்புறம் வெளியே விழும். வேகமாக ஓட்டினால் இந்தக் காட்சியே தெரியாது. விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்கும்.

விழுந்த இடத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கரை ஒட்டுங்கள். மறுபடி ஓட்டுங்கள், எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். எந்த வண்டியை விட்டாலும் அதே இடத்தில் விழுந்தால் குற்றம் தண்டவாளத்தின் மேல். வெவ்வேறு இடங்களில் விழுந்து, எப்போதும் அதே சக்கரம் புரண்டால் குற்றம் எஞ்சினின் மேல். இந்த ஒரு விசாரணையை முடிக்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

எஞ்சின் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பெட்டிகள். என் சந்தேகம் முழுவதும் இங்கேதான். 85 அடி அமெரிக்கப் பயணிகள் பெட்டி நம் அளவில் 298 மில்லிமீட்டர். சுழலும் சக்கரச் சட்டங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 208. 46 செ.மீ. வளைவில் அந்தப் பெட்டியின் நடுப்பகுதி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உள்ளே சரியும். இரு முனைகளும் அதே அளவு வெளியே தள்ளும். கொக்கி பெட்டியின் உடம்போடு திருகப்பட்டிருந்தால், முனை போகும் பக்கம் கொக்கியும் போகும். ஒரே பக்கமாக வளையும்வரை இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே தள்ளுவதால் பிழைத்துக்கொள்ளும். இடது வளைவு முடிந்த உடனேயே வலது வளைவு வந்தால், ஒன்றின் முனை இந்தப் பக்கம், அடுத்ததன் முனை அந்தப் பக்கம். கொக்கிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்து, எடை குறைந்ததைத் தூக்கிப்போட்டுவிடும். உங்கள் பாயிண்டின் வாயிலேயே இந்தக் கதை நடக்கிறதா என்று பாருங்கள். பாயிண்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் திரும்பும் இடமும் இரட்டை வளைவுதான். பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருந்து: எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே மிக நீளமான பெட்டியின் நீளத்துக்காவது நேர்த்தண்டவாளம் போடுங்கள். உங்களுக்கு அது 30 செ.மீ. இடமே இல்லையென்றால் கொக்கியைச் சக்கரச் சட்டத்துக்கு மாற்றுங்கள். பெட்டியின் எடையையும் பாருங்கள். அமெரிக்கச் சிறுரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி இந்த அளவில் அடிப்படை ஓர் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் பெட்டி 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். வெற்று பிளாஸ்டிக் பெட்டிகளைக் கனமான எஞ்சின் இழுக்கும்போது, அவை வளைவின் உள்பக்கமாக நாண் போல விறைத்துக்கொண்டு கவிழும்.

எல்லாம் செய்தும் பின்னோக்கித் தள்ளும்போது புரண்டால் பெட்டியை மாற்றுங்கள், எஞ்சினை அல்ல. பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் நிம்மதியாக ஓடும். இரண்டரை மடங்கில் பெரும்பாலும் ஓடும். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் கடவுள் விட்ட வழி. உங்களுடையது ஒன்றரை மடங்கு. 298 மில்லிமீட்டரை மூன்றால் பெருக்கி, வரும் வட்டத்தை உங்கள் படுக்கையறையில் வரைந்து பாருங்கள். கட்டிலை விற்க வேண்டியிருக்கும். 40 அடி சரக்குப் பெட்டி 14 செ.மீ.தான். உண்மையிலேயே அந்த எஞ்சின்களின் பிழைப்பு சரக்கு இழுப்பதுதான். வையோமிங் மாநிலத்தின் ஷெர்மன் மலையில் சரக்கு இழுத்த எஞ்சினுக்குப் பயணிகள் பெட்டி எதற்கு?

என் 1:76 அளவு 2-10-0 எஞ்சினில் நடுவில் உள்ள பெரிய சக்கரத்துக்கு மட்டும் விளிம்பே இல்லை. தொழிற்சாலையில் மறந்துவிட்டார்களா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

மறக்கவில்லை ஐயா. பிரிட்டிஷ் ரயில்வேயின் 9எஃப் வகை எஞ்சினாக இருக்க வேண்டும். 1954 முதல் 1960 வரை 251 எஞ்சின்கள் கட்டினார்கள். அசல் எஞ்சினிலேயே நடுச்சக்கரத்துக்கு விளிம்பு கிடையாது. ஐந்து அச்சுகள் ஒரே சட்டத்தில், முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 21 அடி 8 அங்குலம். இப்படி விறைத்துக்கொண்டிருக்கும் வண்டி வளைய வேண்டுமென்றால் நடுச்சக்கரம் தண்டவாளத்தின் மேல் பக்கவாட்டில் நழுவ வேண்டும். விளிம்பு இருந்தால் நழுவாது.

கணக்கு எளிது. முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். உங்கள் எஞ்சினுக்கு அந்தத் தூரம் 87 மில்லிமீட்டர். கடையில் ‘இரண்டாம் ஆரம்’ என்று விற்கும் 438 மில்லிமீட்டர் வளைவில் விடை சுமார் 2.2 மில்லிமீட்டர். முன்சக்கரமும் பின்சக்கரமும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும்போது நடுச்சக்கரம் அவ்வளவு தூரம் உள்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. சக்கரத்தின் ஓடும் பரப்பே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான்! அசல் எஞ்சினுக்கு அனுமதித்த குறைந்தபட்ச ஆரம் 400 அடி. நம் அளவில் 1.6 மீட்டர். நீங்கள் ஓட்டுவது அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

சோதிக்கும் விதம்: எஞ்சினை வளைவின் நடுவில் நிறுத்தி, பஸ் டிக்கெட் கனத்துக்கு ஒரு காகிதத் துண்டை ஒவ்வொரு பெரிய சக்கரத்தின் அடியிலும் நுழைத்துப் பாருங்கள். விளிம்புள்ள சக்கரங்களின் கீழ் நுழையக் கூடாது. விளிம்பில்லாததன் கீழ் தாராளமாக நுழையலாம். பல நிறுவனங்கள் அதை வேண்டுமென்றே ஒரு மயிரிழை உயர்த்தியே பொருத்துகின்றன. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று: அந்தச் சக்கரம் தண்டவாளத்தைவிட்டுக் கீழே இறங்கி மீண்டும் ஏறும்போது முட்டுகிறதா? பாயிண்டின் இடைவெளிகளில் காதை வைத்துக் கேளுங்கள். டக் என்று சத்தம் வந்தால், அந்த எஞ்சினை அடுத்த ஆரமான 505க்கு மாற்றிவிடுங்கள். மாற்றுச் சக்கரம் வாங்கி விளிம்போடு மாட்டுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

அண்ணா, பத்து வயது மகன் ‘உலகத்திலேயே பெரிய எஞ்சின்’ வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ஜன்னலோரம் 80 செ.மீ. அகலத்துக்குத்தான் பலகை போட இடம். என் கணவர் 36 செ.மீ. ஆரத்தில் முழு வட்டம் போட்டுவிடலாம் என்கிறார்.
– பொங்கோல் வாசகி

வட்டம் போடலாம் அம்மா, எஞ்சின் தரையில் கிடக்கும். 36 செ.மீ. ஆரம் என்றால் தண்டவாள மையத்திலிருந்து மையத்துக்கு 72. இரு பக்கமும் மிஞ்சுவது நாலு நாலு சென்டிமீட்டர். பெரிய எஞ்சினின் மூக்கு அதற்கு வெளியே போகும். 1:160 அளவுக்கு மாறுங்கள். அதே பிக் பாய் அங்கே 25 செ.மீ.தான், ஜப்பானிய நிறுவனங்களின் 28 அல்லது 31 செ.மீ. வளைவுகள் உங்கள் பலகையில் சுகமாக உட்காரும். பலகையின் ஓரத்தில் விரல் உயரத்துக்கு அக்ரிலிக் பட்டை ஒட்டிவிடுங்கள். தம்பிக்கு எண்களில் ஆசை இருந்தால் ஆரத்தை அவனையே அளக்கச் சொல்லுங்கள், கணவருக்கும் நல்லது.

வேகமாகப் போனால்தானே வளைவில் கவிழும்? நான் எப்போதும் முழு வேகத்தில்தான் சோதிக்கிறேன். இதுவரை விழவில்லை.
– ஈசூன் வாசகர்

முழு வேகத்தில் வண்டி தண்டவாளத்தின் பள்ளத்தைப் பறந்து தாண்டிவிடும். ஊர்ந்து போகும்போதுதான் அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும், மின்சாரம் விட்டுவிட்டு வரும், கொக்கி தளர்ந்து இறுகும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விழாவிட்டால் மீண்டும் எழுதுங்கள், உங்கள் தண்டவாளத்தைப் பார்க்க நானே பஸ் ஏறி வருகிறேன்.

வளைவில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடம் கோணலாக நிற்கிறது. வளைத்து ஆணி அடித்தாலும் சில வாரங்களில் மீண்டும் கோணல். ஏன்?
– அங் மோ கியோ வாசகர்

வளையும் தண்டவாளத்தை முதலில் வளைத்து, அப்புறம் இணைத்திருக்கிறீர்கள். உலோகம் நேராகவே இருக்கத் துடிக்கும்; அது தன் கோபத்தைக் காட்டும் இடம் மூட்டு. வரிசையை மாற்றுங்கள். இரண்டு துண்டுகளையும் மேசையில் நேராக வைத்து, இணைப்புத் தகட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஆறியபின் ஒரே துண்டாக வளையுங்கள். கோணல் வராது.

இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. பகலில் ஜன்னலைத் திறந்து போட்டு, இரவில் குளிர்சாதனத்தை முடுக்கினால் பலகை ஈரத்தைக் குடித்துக் குடித்துத் துப்பும். ஒட்டுப்பலகையின் வெட்டுமுனைகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். மேல்பக்கத்தை அழகாக வண்ணம் தீட்டி, அடிப்பக்கத்தை நிர்வாணமாக விடும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

வளைவைப் பிரித்துப் போடப் போகிறீர்கள் என்பதால் இதையும் செய்துவிடுங்கள். நேர்த்தண்டவாளத்திலிருந்து ஒரேயடியாக முழு வளைவுக்குப் பாயாமல், வளைவை ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே தள்ளி வரைந்து, நேர்க்கோட்டையும் வளைவையும் ஒரு மெல்லிய மரப்பட்டையால் தொட்டு இணையுங்கள். பட்டை தானாக எப்படி வளைகிறதோ அதுதான் கோடு. பெரிய எஞ்சின் வளைவுக்குள் நுழையும்போது தலையை ஆட்டும் அந்த அசிங்கமான வெட்டு மறைந்துவிடும்.

சென்ற மாதம் ‘பெரிய எஞ்சினை 36 செ.மீ. வளைவில் ஓட்டுவது அதற்குச் செய்யும் அவமரியாதை’ என்று எழுதியிருந்தீர்கள். பங்களா வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா இந்தப் பொழுதுபோக்கு?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

கோபம் புரிகிறது; கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் வீவக வீட்டில்தான் இருக்கிறேன், நாலறை.

ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் தன் மிகப் பெரிய எஞ்சின்களையும் 360 மில்லிமீட்டர் வளைவில் ஓடும்படியே செய்துவந்திருக்கிறது. வாடிக்கையாளர்களின் வீட்டு மேசை எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். அதன் இரு இணைத்தடங்களுக்கும் நடுவே 77.5 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருப்பதும் இந்த வெளித்தள்ளலுக்கு இடம்கொடுக்கத்தான். பொறியியலாக அது அபாரம். நான் கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்தவன். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு அசைவை ஒளித்து வைப்பதைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றும்.

ஆனால் விலை ஒன்று உண்டு. வளைவதற்காக எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. படிக்கட்டும் குழாய்களும் சக்கரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கும். வெளியே நின்று பார்த்தால் கொதிகலன் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இதைப் பொறுத்துக்கொள்கிறவர் தாராளமாக ஓட்டலாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வழி இருக்கிறது: இறுக்கமான வளைவுகளை மலைக்குள் ஒளித்துவிட்டு, கண்ணில் படும் இடத்தில் மட்டும் அகலமான வளைவு வையுங்கள். சுரங்கத்துக்குள் எஞ்சின் என்ன கோணத்தில் நின்றால் யாருக்குத் தெரியப் போகிறது? கை நுழையும் கதவு மட்டும் மலைக்குப் பின்னால் கட்டாயம் வேண்டும். புரளுவது என்றால் அங்கேதான் புரளும்.

என் தந்தை மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தஞ்சோங் பகார் நிலையத்தைச் சிறு அளவில் செய்ய ஆசை. மீட்டர்கேஜுக்கு எந்தத் தண்டவாளம்? அறையில் இடம் போதாததால் நடைமேடையை வளைத்துப் போடலாமா?
– தோ பாயோ வாசகர்

நல்ல ஆசை. 1932இல் திறந்து, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை அனுப்பிய நிலையம். முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என நான்கு சிலைகள் நிற்கும். அவற்றை அந்த அளவில் செதுக்குவதுதான் உங்களுக்குப் பெரிய வேலை, தண்டவாளம் அல்ல.

1:87 அளவில் மீட்டர்கேஜ் 11.5 மில்லிமீட்டர் வரும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பிய நிறுவனங்களிடம் கிடைக்கிறது. 1:120 அளவில் 8.3 வரும், எங்கும் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் போட்டால் கண் கண்டுபிடிக்காது. இடம் குறைவென்றால் நான் 1:120தான் எடுப்பேன். மலாயாவின் 4-6-2 நீராவி எஞ்சின் இந்த அளவில் கடையில் கிடைக்காது, நீங்களே கட்ட வேண்டும். அதில் ஒரு நன்மை: மூன்று பெரிய அச்சுகளுக்குப் பக்கவாட்டு அசைவு எவ்வளவு என்பதை உங்கள் வளைவுக்கு ஏற்றபடி நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நடைமேடையை வளைக்காதீர்கள். அசல் நிலையத்தில் நீண்ட நேரான நடைமேடைகள்; தந்தையோடு அங்கே நின்றவருக்கு வளைந்த நடைமேடை உறுத்திக்கொண்டே இருக்கும். நீளத்தைக் குறையுங்கள், நேர்க்கோட்டை வளைக்காதீர்கள். வெளியேறியபின் வளைவு தொடங்கட்டும்.

அப்படியும் நடைமேடையின் நுனி வளைவைத் தொடுகிறது என்றால், கட்டுவதற்கு முன் பென்சில் சோதனை செய்யுங்கள். தண்டவாளத்தின் இரு பக்கமும் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் முனையில் ஒரு பென்சிலையும் நடுவில் ஒரு பென்சிலையும் நாடா போட்டுக் கட்டுங்கள், முனை காகிதத்தைத் தொடும்படி. கையால் மெதுவாகத் தள்ளுங்கள். முனைப் பென்சில் வெளிக்கோட்டையும் நடுப்பென்சில் உள்கோட்டையும் வரைந்துகொண்டே போகும். எஞ்சினுக்கும் அப்படியே; பல்சக்கரம் கைக்கு அசைந்து கொடுக்காது என்பதால் அதை மின்சாரத்தில் ஊரவிடுங்கள். வளைவு தொடங்குவதற்கு முன்பே, நேர்த்தண்டவாளத்தில் இருக்கும்போதே முனை வெளியே தள்ளத் தொடங்குவதைக் காகிதத்தில் காண்பீர்கள். எனவே நடைமேடை நுனியை வளைவின் தொடக்கத்தை வைத்துத் தீர்மானிக்காமல் அந்தக் கோட்டை வைத்துத் தீர்மானியுங்கள். கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சுவரைக் கட்டுங்கள். பின்னாளில் இதைவிட நீளமான பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கடன் வாங்கியாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கட்டிய நடைமேடையை இடிப்பதற்குக் கை வராது.